சுங்கை சிப்புட்டில் ஓர் அழகு நிலையம்: புருவத்துக்குப் போகலாம், நிறத்துக்கு வேண்டாம்

அண்ணன் மகளின் திருமணத்துக்காக இந்த மாதம் மூன்று முறை, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் நகரத்தில் உள்ள ஓர் அழகு நிலையத்துக்குச் சென்றுவந்தேன். கடைவீடு ஒன்றின் மேல்மாடியில், இரண்டு சாய்வு நாற்காலிகளும் ஒரு நீள மேசையும் போட்ட சிறிய இடம். குறை சொல்லவும் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டுத் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்த வீடுகளிலிருந்தும் வரும் பெண்கள்தான் இங்கே வாடிக்கையாளர்கள்.

முதலில் புருவம். நூல் வைத்துப் புருவம் திருத்துபவர் உரிமையாளரின் மாமியார். இளவயதில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மெல்லிய சீவலாக எடுத்துப் பழகிய கை என்பது, நூலை அவர் முறுக்கும்போதே தெரிகிறது. நூலின் ஒரு முனையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டு விரல்களை விரித்து மூடுகிறார். வரிசையாக நான்கைந்து முடிகள் ஒரே இழுப்பில் வந்துவிடுகின்றன, ஆனால் தோல் சிவப்பதில்லை. இந்தத் தொழிலை அவர் நகரத்துச் சீனப் பாட்டி ஒருவரிடம் கற்றாராம். சீனரிடையே, திருமணத்துக்கு முன் மணப்பெண்ணின் முகத்தில் வெள்ளை மாவு தடவி, பூனைமுடியை நூலால் எடுப்பது பழைய வழக்கம்; அந்த மாவும் நூலும் ஒரு தமிழ்ப் பாட்டியின் கைக்கு வந்து, இன்று எங்கள் வீட்டுப் பெண்ணின் நெற்றிக்கும் வந்திருக்கின்றன.

நான் அவரை மெச்சுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. தொடுவதற்கு முன் அவர் கேட்கிறார்: "எவ்வளவு விடட்டும் கண்ணு? மெல்லிசா எடுத்துட்டா அப்புறம் என்னைத் திட்டக் கூடாது." தொண்ணூறுகளில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்கவில்லை. அன்று புருவம் நூலிழை போல இருப்பதுதான் அழகு என்று பத்திரிகைப் படங்கள் எல்லாம் சொல்லின. நானும் எடுத்தேன், அது திரும்ப முழுதாக வளரவே இல்லை. இப்போதைய பெண்கள் அடர்ந்த புருவம் கேட்கிறார்கள், நான் பென்சிலால் வரைந்துகொண்டிருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரசீகத்தில், காஜார் அரச காலத்தில், இரண்டு புருவமும் நடுவில் கூடியிருப்பதும் மேலுதட்டில் மெல்லிய மீசைக் கோடு தெரிவதும் பேரழகாகக் கருதப்பட்டன. இயற்கையாக இல்லாதவர்கள் மை தீட்டிக்கொண்டார்கள். ஹெயான் காலத்து ஜப்பானிய அரசவைப் பெண்களோ புருவத்தை முற்றிலும் நீக்கிவிட்டு, நெற்றியின் மேற்பகுதியில் இரண்டு மைத் திட்டுகளை இட்டுக்கொண்டார்கள். இந்த மாமியாரிடம் அவர்களில் யார் வந்து உட்கார்ந்திருந்தாலும் அவர் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். கட்டணம் 10 வெள்ளி (ரிங்கிட்).

காது குத்துவதும் இங்கே உண்டு. சுத்தமாகச் செய்கிறார்கள், ஊசியை உறையிலிருந்து நம் கண்முன்னே பிரிக்கிறார்கள். நாங்கள் காத்திருந்தபோது ஓர் இளைஞர் காதுத் துளையைப் பெரிதாக்கும் கறுப்பு வளையத்தை வாங்க வந்தார். என் பாட்டியின் நினைவு வந்துவிட்டது. அவருக்குத் தோளைத் தொடும் காது. சிறுவயதில் துளையிட்டு, ஓலைச் சுருளைச் செருகி, பிறகு ஈயக் குணுக்கு மாட்டி, ஆண்டுக்கணக்கில் இழுத்து வளர்த்த காது, பாம்படம் என்னும் கனத்த காதணி போடுவதற்காக. கப்பலேறி வந்த கடனுக்கோ பஞ்சத்துக்கோ அந்தப் பாம்படம் போய்விட்டது, வெறும் காதுதான் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தது. பால் வடியும் மங்கு எனும் கிண்ணத்தைத் துடைக்கக் குனியும்போது அது முன்னால் வந்து ஆடும், அதைத் தூக்கிக் காதின் மேல்மடலில் மாட்டிக்கொள்வார். என் அத்தைக்கும் சிறுமியாக இருந்தபோது காது வளர்த்தார்கள். ஆனால் அவருக்குத் திருமணம் பேசும் காலம் வருவதற்குள் "தொங்கு காது பட்டிக்காடு" என்றாகிவிட்டதால், அறுத்துத் தைத்தார்கள். அந்தத் தழும்பை மறைக்க அவர் பெரிய தோடாகவே போடுவார்.

போர்னியோ தீவில் உள்ள சரவாக் மாநிலத்தின் உள்நாட்டிலும் இதே கதைதான். அங்குள்ள கென்யா, காயான் எனும் பழங்குடிகளின் பெண்கள் பித்தளை வளையங்களின் கனத்தால் காதை நீட்டி வளர்த்தார்கள். பள்ளிக்கூடமும் நகர வாழ்வும் வந்தபின் அங்கும் பலர் அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். கடலால் பிரிந்த இரு கூட்டத்தார், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே அழகை வளர்த்து ஒரே வெட்கத்தில் அறுத்திருக்கிறார்கள். இப்போது இந்த இளைஞர் 18 வெள்ளி கொடுத்து வளர்க்கத் தொடங்குகிறார்.

இனி, மனம் கசந்த பகுதி. முகத்துக்கு ஃபேஷியல் செய்யும்போது உரிமையாளர் அண்ணன் மகளின் கன்னத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நிறம் மட்டும் கொஞ்சம் கம்மி, டீச்சர். கல்யாணத்துக்குள்ள ஏத்திடலாம்" என்று என்னிடம் சொன்னார். அவள் எதுவும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மாவிடம் கெட்ட எண்ணம் இல்லை; தோட்டத்தில் வளர்ந்த எல்லோரும் கேட்டுக் கேட்டுப் பழகிய பேச்சு அது. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய் உச்சிவெயில் வரை ரப்பர் காட்டில் நின்றவர்கள் கறுத்தார்கள். தோட்டத்துக் கணக்கரான கிராணியார் வீட்டு அம்மா வெளுப்பாக இருந்தார். வெளுப்பு என்பது வெயிலில் நிற்கத் தேவையில்லாதவரின் அடையாளமாக இருந்தது, அவ்வளவுதான். ஐரோப்பாவிலும் வயல்வேலை செய்தவர் கறுத்திருந்த காலத்தில் சீமாட்டிகள் வெள்ளை ஈயப் பூச்சைத் தடவித் தோலைக் கெடுத்துக்கொண்டார்கள். உழைப்பாளிகள் ஆலைக் கூரைக்குள் போனபின், 1920களிலிருந்து, கடற்கரையில் காய்ந்து பழுப்பேறிய உடம்பு அங்கே வசதியின் அடையாளமாயிற்று.

நம் பழைய இலக்கியத்தைப் பார்த்தால் கதை தலைகீழாக இருக்கிறது. குறுந்தொகையின் 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார் காட்டும் தலைவி, தன் 'மாமைக் கவின்' தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் பசலை உண்டு போகிறதே என்று வருந்துகிறாள். மாமை என்பது மாந்தளிரின் நிறம். பசலை என்பது பிரிவினால் மேனி நிறம் கெட்டு வெளிறிப்போவது. திருக்குறளில் இந்தப் பசப்பின் துன்பத்துக்கென்றே 119ஆம் அதிகாரம் இருக்கிறது. நம் பாட்டன்மாருக்கு நோயாகத் தெரிந்த வெளிறலை, இந்தக் கடையில் வெள்ளை டப்பாவில் அடைத்து 45 வெள்ளிக்கு விற்கிறார்கள்.

அந்த டப்பாவைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். தயாரிப்பாளர் பெயர் இல்லை, சேர்மானப் பட்டியல் இல்லை. மலேசியாவில் விற்கும் எந்த ஒப்பனைப் பொருளுக்கும் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவில் பதிந்த அறிவிப்பு எண் இருக்க வேண்டும், அது என்.ஓ.டி. என்ற எழுத்துகளில் தொடங்கிக் கே என்ற எழுத்தில் முடியும். அதுவும் இல்லை. இப்படிப்பட்ட டப்பாக்களில் பாதரசம் கலந்திருப்பதை அமைச்சு மீண்டும் மீண்டும் கண்டுபிடித்து அறிவித்து வருகிறது. பாதரசம் தோலின் நிறமி உருவாவதைத் தடுப்பதால் சில வாரங்களில் முகம் வெளுக்கத்தான் செய்யும்; ஆனால் அது தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும், பூசியவரோடு ஒரே படுக்கையில் படுக்கும் குழந்தையையும் விடாது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு மினமாதா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட ஒப்பனைப் பொருள்களை ஒழிக்க 2020ஐக் கெடுவாக வைத்தது. இந்த டப்பாவில் என்ன இருக்கிறதென்று சோதிக்காமல் நான் சொல்ல முடியாது. எண் இல்லாததை வாங்க முடியாது என்று மட்டும் அந்த அம்மாவிடம் சொன்னேன். "எல்லாரும் வாங்கறாங்களே டீச்சர்" என்றார். 1975இல் இந்தியாவில் அறிமுகமாகி எங்கள் தலைமுறையின் பவுடர் தட்டுகளில் எல்லாம் இருந்த ஃபேர் அண்ட் லவ்லி, தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை 2020இல் எடுத்துவிட்டது. இந்த மேல்மாடிக்கு அந்தச் செய்தி இன்னும் ஏறி வரவில்லை.

திருமண நாள் ஒப்பனையிலும் இதே கோளாறு. கூந்தல் அலங்காரத்துக்குக் குறை சொல்ல முடியாது. காலை ஐந்து மணிக்கு வைத்த சடையும் மல்லிகையும் விருந்து முடியும் வரை அசையவில்லை. ஆனால் ஃபவுண்டேஷன் பெட்டியில் இருந்தவை மூன்றே நிறங்கள், மூன்றும் அவளைவிட வெளுப்பு. குழல் விளக்கில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. கோயில் வாசலில் வெயில் பட்டதும் முகம் ஒருவர், கை ஒருவர் என்றாகிவிட்டது. பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 2017இல் 40 நிறங்களோடு கடைக்கு வந்தபோது பிற நிறுவனங்களும் கறுத்த மேனிக்கான நிறங்களைக் கூட்ட வேண்டியதாயிற்று. அவ்வளவு விலையுள்ளது வேண்டாம். மாந்தளிர் நிறத்துக்குப் பொருந்தும் இரண்டு குப்பிகளை ஈப்போவில் வாங்கி வைத்தால் போதும். மாலை வரவேற்புக்கு அவளே முகத்தைக் கழுவிவிட்டுத் தன் நிறத்துக்கேற்ற மாவை மட்டும் பூசிக்கொண்டாள், புகைப்படங்களில் அவைதான் நன்றாக வந்திருக்கின்றன.

போகிறவர்கள் மாமியார் இருக்கிறாரா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்துவிடுவார். மணப்பெண் ஒப்பனை என்றால் ஃபவுண்டேஷனை நீங்களே கொண்டுபோங்கள், சடையை அவர்களிடம் விடுங்கள். பாசார் மாலம் எனும் இரவுச் சந்தை நடக்கும் நாளில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.