கட்டுநாயக்கவின் வரிசைகளும் கினிகத்தேனையின் வளைவுகளும்

டொரொண்டோ பியர்சன் விமான நிலையத்தில் இருந்து ஊருக்குப் புறப்பட்ட நாளில், பாதுகாப்புச் சோதனைக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதை நான் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துகொண்டேன். கனடாவின் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு அதிகாரசபை அந்த நேரத்தைத் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. சோதனைக்கு வரும் நேரத்தை முன்கூட்டியே பதிவுசெய்து கொள்ளும் இலவச ஏற்பாடும் பியர்சனில் உண்டு. என் வீடு அங்கிருந்து நாற்பது நிமிட ஓட்டத்தில் இருப்பதால் இரண்டும் உண்மையிலேயே பயன்பட்டன. மூன்று வாரம் கழித்து, இலங்கை மலையகத்தில் அட்டனுக்கு அருகேயுள்ள டிக்கோயாவில் அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திரும்பும் பயணத்துக்குக் கணக்குப் போட்டபோது, அந்த முறை மலையில் செல்லாது என்பது மீண்டும் தெளிவானது. கொழும்புக்கு அருகேயுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தில் இந்த நிமிடம் வரிசை எவ்வளவு நீளம் என்று யாராவது துல்லியமாகச் சொன்னாலும், அங்கே போய்ச் சேர ஐந்து மணித்தியாலம் எடுக்கும் ஒருவனுக்கு அது பாதி வழியிலேயே பழைய செய்தியாகிவிடும்.

இந்தப் பாடத்தை நான் 2018 ஜூன் மாதம் பதற்றத்தோடு படித்தேன். விமானம் அதிகாலை 3.50 மணிக்கு. மூன்று மணித்தியாலம் முன்னதாக வரும்படி விமான நிறுவனங்கள் சொல்வதால் 12.50 மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, மாலை 4 மணிக்கே புறப்பட்டோம். ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் கையில் மிச்சம் என்ற நிம்மதி கினிகத்தேனை வரைதான் நீடித்தது. கித்துல்கலைக்கு இறங்கும் பாதையில் மண்மேடு சரிந்து வாகனங்கள் நீண்ட வரிசையில் நின்றன. ஒரு பக்கமாவது திறந்துவிடுவார்கள் என்று மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம். பிறகு வேனைத் திருப்பி, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை, கடுகண்ணாவை வழியாக இறங்கி, நிட்டம்புவையில் இருந்து மினுவாங்கொடைக்கு வெட்டி, 1.40 மணிக்கு விமான நிலையத்தை அடைந்தோம். பெரும்பாலான நிறுவனங்கள் புறப்படும் நேரத்துக்கு 60 நிமிடம் முன்னதாகப் பொதி ஏற்கும் கருமபீடத்தை மூடிவிடும். எனக்கு மிஞ்சியது எழுபது நிமிடம். அதற்குள் வாசல் சோதனை வரிசை ஒன்றையும் கடக்க வேண்டியிருந்தது. விமானத்தைப் பிடித்துவிட்டேன். ஆனால் அம்மாவிடம் ஒழுங்காக விடைபெறாமல், பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

கட்டுநாயக்கவைப் பற்றி, வெளிநாட்டில் பழகியவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அங்கே பாதுகாப்பு வரிசை ஒன்றல்ல என்பதுதான். முனையத்தின் வாசலிலேயே பயணச்சீட்டையும் கடவுச்சீட்டையும் காட்டி, பெரிய பெட்டி உட்பட எல்லாவற்றையும் ஊடுகதிர் இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். அதன் பின்னரே பொதி ஒப்படைக்கும் கருமபீடம், பிறகு குடியகல்வு, பிறகு கடைத்தெரு, கடைசியாக விமானம் ஏறும் வாயிலுக்கு முன்பு இன்னொரு சோதனை. இடுப்புப்பட்டி, சப்பாத்து, மடிக்கணினி எல்லாம் தட்டில் இறங்குவது இந்தக் கடைசி இடத்தில். பியர்சனில் சோதனை முடிந்தபின் கடைகளைச் சுற்றிப் பழகிய கால்கள், இங்கேயும் குடியகல்வு முத்திரை விழுந்தவுடன் எல்லாம் முடிந்தது என்று நினைத்து வரித்தீர்வையற்ற கடைகளில் நின்றுவிடுகின்றன. அருகருகான நேரங்களில் புறப்படும் விமானங்களின் பயணிகள் ஒன்றாக எழுந்து வரும்போதுதான் கடைசி வரிசை ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவருகிறது.

நெரிசலின் காரணமும் ஊகத்துக்குரியதல்ல. ஆண்டுக்கு ஏறத்தாழ 60 இலட்சம் பயணிகளுக்கென்று அமைந்த முனையம் 2018 ஆம் ஆண்டிலேயே ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கையாண்டது. ஜப்பானியக் கடனுதவியோடு தொடங்கிய இரண்டாம் முனையத்தின் கட்டுமானம் 2022 பொருளாதார நெருக்கடியில் நின்றுபோனது. அதோடு, வளைகுடா நகரங்களுக்குப் போகும் விமானங்கள் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் அடுத்தடுத்துப் புறப்படுகின்றன. கனடாவுக்கு நேரடி விமானம் இல்லாததால் அந்த நகரங்களில் மாறிப் போகும் எங்களைப் போன்றவர்களும் அதே நேரத்தில்தான் போய்ச் சேருகிறோம். அந்த வரிசைகளில் மலையகத்துப் பேச்சு அடிக்கடி காதில் விழும். வீட்டு வேலைக்காகப் போகும் தோட்டத்துப் பெண்கள் ஒரே மாதிரியான கோப்புகளைக் கைகளில் இறுக்கிப் பிடித்தபடி நிற்பார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவுச் சரிபார்ப்பும் அவர்களுக்கு உண்டு என்பதால், முதல் தடவை பயணம் செய்கிறவர்கள் என்னைவிட இன்னும் ஒரு மணித்தியாலம் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னர் சில காலம் எல்லோரையுமே நான்கு மணித்தியாலம் முன்னதாக வரச் சொன்னார்கள். அந்த அறிவுரை பிறகு தளர்ந்துவிட்டாலும், இரவு விமானமென்றால் நான் இன்னமும் அதையே கடைப்பிடிக்கிறேன்.

ஆனாலும் விமான நிலையத்துக்குள் ஆகும் நேரத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. என் அனுபவத்தில், எவ்வளவு கூட்டமானாலும் இரண்டு, இரண்டரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பாதைக்கு அப்படி எல்லை கிடையாது. அட்டனில் இருந்து கினிகத்தேனை, கித்துல்கல, எட்டியாந்தோட்டை, அவிசாவளை வழியாக இறங்கி, கடுவலையில் அதிவேகப் பாதையில் ஏறி, கெரவலப்பிட்டியவில் கட்டுநாயக்க அதிவேகப் பாதையைப் பிடித்தால், நல்ல நாளில் ஐந்து மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். கடைசிப் பகுதி கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். நேரத்தைத் தின்பது முதல் ஐம்பது கிலோமீற்றர். வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இடம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அந்தச் சரிவுகளில்தான் முதலில் மோதுகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வெளியிடுகிறது. நான் பயணத்துக்கு மூன்று நாள் முன்பிருந்தே அதைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். காத்திருப்பு நேரத்தைச் சொல்லும் இணையத்தளத்துக்கு மலையில் நிகரானது அதுதான். கண்டி வழியை மாற்றாக வைத்துக்கொள்ளலாம் என்றாலும், ஆகஸ்டில் கண்டியின் எசல பெரஹரா ஊர்வல நாட்களில் அந்த மாற்றும் கைகொடுக்காது. ரயிலில் இறங்கும் எண்ணத்தை இரண்டு முப்பது கிலோப் பெட்டிகளைக் கண்டதும் விட்டுவிட்டேன்.

ஆகவே 2024 ஆகஸ்டில் இரண்டு காத்திருப்புகளையும் பிரித்துவிட்டேன். விமானத்துக்கு முந்திய நாள் விடியற்காலையிலேயே மலையிறங்கி, விமான நிலையத்துக்கு அருகேயுள்ள நீர்கொழும்பில் அறை எடுத்துத் தங்குவது என்று முடிவு செய்தேன். அண்ணன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “ராத்திரிகூடப் படுக்காத ரூமுக்கு இவ்வளவு காசா தம்பி? அந்த நேரத்துல அம்மாவோட இருந்துட்டுப் போகலாமே,” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்த ஏற்பாட்டின் உண்மையான விலை அறை வாடகை அல்ல; ஊரில் இழக்கும் அந்த ஒரு பகல். அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. ஆனால் 2018 இல் கினிகத்தேனையில் வேனுக்குள் கழிந்த அந்த மூன்று மணித்தியாலத்தில் அம்மாவோடு நான் இருந்தேனா, கடிகாரத்தோடு இருந்தேனா என்று கேட்டபோது அண்ணன் பேசாமல் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டார்.

வழியனுப்பும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மலையகக் குடும்பங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து லயக் குடியிருப்பில் இருந்து வேன் நகரவே அரை மணித்தியாலம் ஆகும். மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைக்க வேண்டும், அடுத்த வீட்டுப் பெரியம்மா நெற்றியில் விபூதி பூச வேண்டும், யாராவது ஒரு பிள்ளை கடைசி நேரத்தில் ஒரு பார்சலைக் கொண்டுவந்து திணிக்கும். விமான நிலையத்தில் எல்லா அழுகையும் வாசலில்தான் நடக்கிறது, பின்னால் நிற்கும் வாகனங்கள் ஹோர்ன் அடிக்க அடிக்க. இம்முறை அதெல்லாம் நீர்கொழும்பு விடுதி முற்றத்தில் பகல் வெளிச்சத்தில் ஆறுதலாக முடிந்தது. வழியனுப்ப வந்தவர்களும் மழைக்கு முன் மலையேறிவிட்டார்கள்.

அந்தக் கடைசி நேரப் பார்சல்தான் சோதனையில் நேரம் கடத்தும். 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவத்தைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது என்ற விதி பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. கித்துல் பாணி என்னும் இனிப்புப் பாகும், எண்ணெயில் மிதக்கும் அச்சாறும் திரவக் கணக்கில்தான் சேரும் என்பதை எங்கள் வீட்டில் இன்னும் எவரும் நம்பவில்லை. 2018 இல் அம்மா எனக்குத் தெரியாமல் கைப்பையில் வைத்த பாணிப் போத்தல் கடைசிச் சோதனையில் அகப்பட்டு, பை முழுவதும் கொட்டிப் பார்க்கப்பட்டு, பத்து நிமிடமும் போத்தலும் போயின. அதிகாரியிடம் குறை சொல்ல எதுவுமில்லை. விதி தெரிந்த நான் பையைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். இப்போது வீட்டில் அரைத்த கறித்தூள், மாசிக் கருவாடு, பாணி எல்லாம் பெரிய பெட்டிக்குள். பவர் பேங்க் மட்டும் இதற்கு மாறாகக் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்தால் திரும்ப அழைத்துத் திறக்கச் சொல்வார்கள். மனைவியின் தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லவில்லை. கையில் பிடிக்கும் கருவியால் தனியே சோதித்து அனுப்பினார்கள்.

நீர்கொழும்பில் இருந்து இரவு 12 மணிக்குப் புறப்பட்டு 12.20 க்கு வாசலில் நின்றோம். முதல் சோதனைக்கு 25 நிமிடம், கருமபீடத்தில் 40 நிமிடம், குடியகல்வில் 20 நிமிடம் ஆயின. கடையில் ஒரு தேநீர் குடித்துவிட்டு, 2.10 க்கே எழுந்து கடைசி வரிசையில் சேர்ந்தோம். அதற்கு 35 நிமிடம். இரண்டு மணித்தியாலத்தை வரிசைகளிலேயே கழித்தோம் என்றாலும் ஒரு முறைகூடக் கடிகாரத்தைப் பார்த்து வியர்க்கவில்லை.

அடுத்த முறை டிசம்பரில் போக எண்ணியிருக்கிறோம். மழை குறைவு என்றாலும், அந்த மாதப் பூரணையோடு சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் தொடங்கிவிடுவதால், போயா எனப்படும் பூரணை நாட்களிலும் வார இறுதிகளிலும் அட்டன் பாதை முழுவதும் யாத்திரிகர் பஸ்களாக இருக்கும். அதனால் திரும்பும் விமானத்தை ஒரு புதன்கிழமை அதிகாலைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அண்ணனோ அதை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போடச் சொல்லித் தினமும் அழைக்கிறார்.