சார்ஜ் ஏறாத காருக்கு ஏற்ற கிளாம்ப் மீட்டர்: யூனி-டி யூடி210இ

பேட்டரி புதுசு, ஆனாலும் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்று வண்டி வந்தால், முதல் வேலையாக டைனமோவை (பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை) கழற்றுவது பல பட்டறைகளில் பழக்கமாகிவிட்டது. பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் மாற்றிப் பூட்டிய பிறகும் சார்ஜ் ஏறாமல் நிற்கும். காரணம், கோளாறு பல நேரம் ஒயரில்தான் இருக்கும். வோல்ட் மட்டும் பார்த்து இதை முழுதாகப் பிடிக்க முடியாது. கரண்ட் எவ்வளவு, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிய வேண்டும். ஒயரைக் கழற்றாமல், வாயால் சுற்றிப் பிடித்தே கரண்ட் அளப்பதுதான் கிளாம்ப் மீட்டர். அந்த வேலைக்கு இந்தச் சின்ன மீட்டர் கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது.

வாங்கும்போதே கவனியுங்கள். கடையில் 'யூடி210' என்று மட்டும் கேட்டால் வீட்டு லைனில் வருவது போன்ற ஏசி கரண்ட் மட்டும் அளக்கும் மாடலைக் கையில் கொடுத்துவிடலாம். கார் பேட்டரியில் ஓடுவது டிசி கரண்ட், அதனால் அது காருக்கு ஆகாது. கடைசி எழுத்து 'இ'யா என்று பார்த்து வாங்குங்கள். இதில் டிசி கரண்ட் 2, 20, 100 ஆம்ப் என மூன்று ரேஞ்சில் இருக்கிறது. வாய் 17 மி.மீ. திறக்கும், அதனால் டைனமோவுக்குப் பின்னால் இருக்கும் இடுக்கிலும் நுழையும்.

கிளாம்ப் போடுவதற்கு முன் சாதாரண மீட்டராக வைத்துப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏறினால் சரி. ஏறவில்லையென்றால் பெல்ட் இறுக்கத்தைப் பாருங்கள். அடுத்து, சாவி போட்டு எஞ்சின் ஓடாத நிலையில் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிகிறதா? பழைய வண்டிகளில் டைனமோவுக்குள் காந்தம் உண்டாக்கும் சுருளான ஃபீல்டுக்கு முதல் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகும். பல்பு போயிருந்தாலோ, அந்த மெல்லிய ஒயர் அறுந்திருந்தாலோ, பிரஷ் தேய்ந்து, அந்தச் சுருளுக்குக் கரண்ட் கொடுக்கும் ஸ்லிப் ரிங்கைத் தொடாமல் இருந்தாலோ சார்ஜ் பெரும்பாலும் தொடங்காது. எஞ்சின் ஓடாதபோது டைனமோவின் பின்பக்கத் தடித்த போல்ட்டில் பேட்டரி வோல்ட் வருகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். வரவில்லையென்றால் மெயின் ஃபியூஸோ அந்தத் தடித்த ஒயரோ போயிருக்கலாம், அதைப் பார்க்காமல் டைனமோவைக் கழற்ற வேண்டாம்.

இனி கிளாம்ப். வாயை மூடி, ஒயர் பக்கத்தில் பிடித்து, ஜீரோ பட்டனை அழுத்திய பிறகே மாட்ட வேண்டும். இதை மறந்தால் காட்டும் எண்ணை நம்ப முடியாது. டைனமோவிலிருந்து வரும் தடித்த ஒயரில் ஒருமுறை, பேட்டரி ஒயரில் ஒருமுறை என்று இரண்டு இடத்தில் பாருங்கள். முதலாவது டைனமோ மொத்தம் எவ்வளவு தருகிறது என்று சொல்லும். இரண்டாவது, அதில் பேட்டரிக்கு ஏதாவது மிஞ்சுகிறதா என்று சொல்லும். ஹெட்லைட்டையும் ஏசி புளோயரையும் முழுதாக வைத்து 1500 ஆர்பிஎம்மில் ஓட்டும்போது பேட்டரி ஒயரில் கரண்ட் வெளியே போவதாகக் காட்டினால், அந்த லோடை டைனமோ சமாளிக்கவில்லை, பேட்டரிதான் ஈடு கட்டுகிறது.

அதே லோடில் டைனமோ போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.2, 0.3க்குள் இருக்க வேண்டும். டெர்மினலில் பச்சையாக உப்புப் பூத்த ஒரு லக் (ஒயர் முனையில் உள்ள உலோக வளையம்), 40 ஆம்ப் ஓடும்போது 0.6 வோல்ட்டைத் தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓர் இடத்திலேயே 24 வாட் சூடாகிறது. விரல் வைத்தாலே தெரியும். எர்த் பக்கத்தில், டைனமோ பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே, 0.2க்கு மேல் போனால் எர்த் ஒயரைக் கழற்றி, தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டுங்கள். லோடு இல்லாமல் இந்தச் சோதனை செய்தால் ஒன்றும் தெரியாது.

மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, ஓடும் எஞ்சினில் பேட்டரி மேல் வைத்தால் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதா? டைனமோவுக்குள் ஏசியை டிசியாக மாற்றும் டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரி ஒயரை ஓடும்போது கழற்றி 'டைனமோ வேலை செய்கிறதா' என்று பார்க்கும் பழைய முறையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த நொடியில் எழும் வோல்ட், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவையே காலி செய்துவிடலாம்.

சார்ஜ் நன்றாக ஏறியும் காலையில் பேட்டரி டவுன் என்றால் 2 ஆம்ப் ரேஞ்சில் நெகட்டிவ் ஒயரைப் பிடித்து, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விடுங்கள். 50 மில்லி ஆம்ப்புக்குள் இறங்க வேண்டும். இங்கேதான் இந்த மீட்டரின் குறை தெரிகிறது. சும்மா இருந்தாலே எண் சில மில்லி ஆம்ப் நகரும், அடிக்கடி ஜீரோ செய்ய வேண்டும். போதாததற்குத் தானே அணைந்தும் போகும். ஆன் செய்யும்போது செலக்ட் பட்டனை அழுத்திப் பிடித்தால் அணையாது.

புது வண்டிகளில் ஈசியூவே டைனமோவை அடக்கி ஆளும். பேட்டரி நிறைந்திருந்தால் 12.8 வோல்ட்டுக்குக்கூட இறக்கிவிடும், அது கோளாறு அல்ல. லோடு போட்டால் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்ட் 100 ஆம்ப்பைத் தாண்டும். அதை இந்த மீட்டரில் பார்க்க முடியாது. அதற்கு 600 ஆம்ப் டிசி கிளாம்ப் தனியாக வேண்டும்.