காரைக்குடியில் டியூபுலர் டயர் ஒட்டக் கொடுத்தேன்

கல்லுக்கட்டிப் பக்கம் உள்ள சின்ன சைக்கிள் கடை. டியூபுலர் டயர் என்றால் டியூபை உள்ளே வைத்துத் தைத்த சைக்கிள் டயர். அதை ரிம்மில் பிடித்து வைப்பது பெரும்பாலும் பசைதான் என்பதால் கொடுக்கவே பயந்தேன். கடைக்கார அண்ணன் ரிம்மிலும் டயரின் அடித்துணியிலும் பசை பூசிக் காயவிட்டு, கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே மாட்டினார். மறுநாள் போனதும் காற்றை முழுக்க இறக்கி, "தம்பி, நீங்களே பாருங்க" என்றார். இரண்டு கட்டைவிரலாலும் டயரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே சுற்றி வந்தேன். வால்வு அருகே இரண்டு விரல் அகலத்துக்கு அடித்துணி எழும்பியது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. காற்று நிரம்பியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. கூடுதல் கூலி வாங்காமல் மறுபடி ஒட்டி, இன்னும் ஒரு நாள் காயவைத்தார். அப்புறம்தான் குன்றக்குடி வரை ஓட்டினேன். வளைவுகளில் டயர் அசையவே இல்லை. அவசரம் என்றால் இங்கே போகாதீர்கள். நம்பி ஓட்ட வேண்டும் என்றால் தாராளமாகப் போகலாம்.