எச்சரிக்கை: எக்ஸ்போர்ட் ஆகாத வீடியோவைச் சரிசெய்து தருவதாகச் சொல்லி என்னிடம் 6,849 ரூபாய் கறந்த கதை

நேற்று மாலைதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுத விடாது. போனது 6,849 ரூபாய். அம்பாசமுத்திரத்தில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன் நான். ஐந்து ரூபாய் இடித்தால்கூட இரவு பதினொரு மணி வரை பேரேட்டைப் புரட்டுவேன். அப்படிப்பட்டவன் மூன்று தவணையாக, கேட்டதும் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் ஊர் சுடலைமாடன் கோவில் ஆடிக் கொடைத் திருவிழாவை இந்த முறை நானே வீடியோ எடுத்தேன். மும்பையில் இருக்கிற சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வர முடியவில்லை. கோவில் வரி மட்டும் தவறாமல் அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் இந்த வேலை. வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நள்ளிரவுச் சாமக்கொடை என்று இரண்டு கைபேசிகளிலும் இரவல் வாங்கிய ஒரு கேமராவிலும் எடுத்ததை, இலவசமாகக் கிடைக்கிற ஒரு எடிட்டிங் மென்பொருளில் போட்டு மூன்று வாரம் வெட்டி ஒட்டினேன். மொத்தம் 52 நிமிடம். வெட்டி ஒட்டியதை ஒரே வீடியோக் கோப்பாக்கித் தருகிற எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் 68 சதவீதத்தில் நின்றுவிடும். 'அறியப்படாத பிழை' என்று ஒரு கட்டம் வரும். மறுபடி அழுத்தினாலும் 68. கணினியை அணைத்துப் போட்டாலும் 68.

அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கணியான் கூத்தில் மகுடம் என்கிற தோல்கருவி உச்சத்துக்குப் போகிற கட்டம். "சாமியிடம் உத்தரவு கேட்காமல் படம் எடுத்தாயா?" என்றார்கள் அம்மா. எதற்கும் இருக்கட்டும் என்று அந்த ஆறு நிமிடத்தை வெட்டிவிட்டு அழுத்தினேன். 77 வரை போய் நின்றது. முன்னேற்றம் என்று நினைத்து மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். உண்மையில் அந்த 77தான் முழு விடையையும் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் காது இல்லை.

ஞாயிறு இரவு வேறு வழி தெரியாமல், வீட்டுக்கு பிளம்பரையும் எலெக்ட்ரீசியனையும் அனுப்பிவைக்கிற வகைச் செயலி ஒன்றில் தேடினேன். கணினிப் பழுதும் பார்ப்பார்களாம். சோதனைக் கட்டணம் 499 ரூபாய். கட்டிய பத்தாவது நிமிடம் அழைப்பு வந்தது.

அந்தக் குரலை இன்னும் மறக்க முடியவில்லை. எடுத்த எடுப்பில் "அண்ணாச்சி, வணக்கம்" என்றான். வேறு எப்படி அழைத்திருந்தாலும் நான் கொஞ்சம் விலகியே நின்றிருப்பேன். ஊர் அம்பாசமுத்திரம் என்றதும், "அங்கே சாரல் உண்டா அண்ணாச்சி? அகஸ்தியர் அருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது?" என்று கேட்டான். அவன் அம்மாவுக்குக் கல்லிடைக்குறிச்சியாம். பக்கத்து ஊர்ப் பையன், தெரியாத இடத்தில் போய்ப் பிழைக்கிறான் என்று எனக்கு மனம் இளகிவிட்டது. தூரத்தில் இருந்துகொண்டே நம் திரையைப் பார்க்கும் ஒரு செயலியை இறக்கச் சொன்னான். அதில் வந்த ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டான். 'எழுதிக்கொள் தம்பி' என்பதுபோல வாசித்துக் கொடுத்தேன். சுட்டி தானாக நகர ஆரம்பித்தது. அடுத்தவன் நம் வீட்டு அடுக்களைக்குள் நடமாடுவதைக் கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் இருந்தது. அப்போதும் எழுந்து தடுக்கத் தோன்றவில்லை.

பத்து நிமிடம் எதை எதையோ திறந்து மூடினான். "வீடியோவைச் சுருக்கி விரிக்கிற கோடெக் கெட்டுவிட்டது அண்ணாச்சி, 2,350 ஆகும்" என்றான். கொடுத்தேன். பிறகு திரையில் படம் காட்டுவதைக் கவனிக்கிற கிராஃபிக்ஸ் டிரைவர் என்னும் மென்பொருள் பழையது என்றான். அதைப் புதுப்பித்து ஓராண்டுப் பாதுகாப்பும் சேர்த்து 4,000. (டிரைவரை அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்பது இப்போது தெரிகிறது.) இந்த இரண்டு தொகையையும் செயலி வழியாகக் கட்ட வேண்டாம், தன் சொந்த யு.பி.ஐ.க்கு அனுப்பினால் ஜி.எஸ்.டி. மிச்சம் என்றான். இங்கேதான் கணக்குப்பிள்ளை விழுந்தேன். 6,350க்கு 18 சதவீதம், 1,143 ரூபாய் மிச்சம் என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

வெட்டிய ஆறு நிமிடத்தையும் மறுபடி சேர்த்து எக்ஸ்போர்ட் போட்டான். 68 தாண்டியது. 80 தாண்டியது. 100. மனைவி கைதட்டினாள். திரையின் மூலையில் சின்னச் சட்டத்துக்குள் கொஞ்சம் ஓட்டிக் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது. "ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா தம்பி" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஊர்ப் பெரியவர் ஒருவர் வீட்டில் 43 அங்குல டிவியில் போட்டோம். திண்ணை வரைக்கும் ஆட்கள். சுவாமி அலங்காரம் தெரிய வேண்டிய இடத்தில் மஞ்சளும் சிவப்புமாகக் கட்டம் கட்டமாக எதுவோ அசைந்தது. வில்லுப் பாடியவர் முகம் உருகிய மெழுகு. தீப்பந்தம் சுற்றும்போது திரை முழுக்கச் சேறு. "கண்ணில் புரை அறுவை செய்த பிறகும் எனக்கு இப்படித்தான் தெரிகிறதா?" என்று ஒரு தாத்தா கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அதன்பின் நடந்தது எல்லாம் தட்டிக்கழித்தல். அந்தப் பையனின் எண் இரண்டு நாள் மணி அடித்தது, மூன்றாம் நாள் அதுவும் இல்லை. செயலியின் உரையாடல் பெட்டியில் எழுதினால், 'உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம், 24 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்' என்று இயந்திரம் பதில் சொல்கிறது. அடுத்த நாள் எழுதினாலும் அதே 24 மணி நேரம். நான்காம் நாள் ஒரு பெண் பேசினார். எக்ஸ்போர்ட் முடிந்துவிட்டதல்லவா, அப்படியானால் வேலை முடிந்ததாகத்தான் பொருள் என்றார். தெளிவு இல்லையே என்றேன். வீடியோவின் தரம் சேவையில் சேராதாம். மேலாளரைக் கேட்டேன், அவர் கூட்டத்தில் இருக்கிறாராம். கடைசியாக வந்த பதில்தான் உச்சம்: எங்களுக்கு வந்தது 499 மட்டுமே, மீதி 6,350 நீங்கள் தனிப்பட்ட முறையில் கொடுத்தது, அதற்கு நாங்கள் பொறுப்பல்ல. ஓராண்டுப் பாதுகாப்பு என்று ஒன்றே அவர்களிடம் கிடையாதாம்.

நேற்று என் உடன்பிறந்த தம்பியின் மகள் பாளையங்கோட்டையிலிருந்து பேசினாள். அங்கே கல்லூரியில் படிக்கிறாள். முதலில் அந்த மங்கல் கோப்பின் பண்புகளைப் பார்க்கச் சொன்னாள். படத்தின் உயரம் 480 புள்ளி என்று இருந்தது. நான் எடுத்ததும் எக்ஸ்போர்ட் அமைத்திருந்ததும் 1080. கோப்பின் அளவு 800 எம்.பி.க்குச் சற்று மேல். "தரத்தைக் குறைத்துச் சின்னதாக்கி முடித்திருக்கிறான் பெரியப்பா. நீங்கள் எங்கே சேமிக்கச் சொல்கிறீர்கள்?" என்றாள்.

"பென் டிரைவில். சி டிரைவில் இடம் இல்லை என்று சிவப்புக் காட்டுகிறதே."

"அதன் பண்புகளில் கோப்பு முறைமை என்று ஒரு வரி இருக்கும், வாசியுங்கள்."

ஃபேட்32 என்று இருந்தது. அவ்வளவுதான் நோய்.

டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கிற முறைக்குத்தான் கோப்பு முறைமை என்று பெயர்; ஃபேட்32 முறைமையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜி.பி.யைத் தொட முடியாது. சரியாகச் சொன்னால் 4,294,967,295 பைட்டுக்கு மேல் ஒரு பைட்கூட ஏறாது. என்னுடைய 32 ஜி.பி. பென் டிரைவில் 25 ஜி.பி. காலியாக இருந்ததால் இடப் பிரச்சினை என்று நான் நினைக்கவே இல்லை. கிடங்கு காலியாக இருந்தால் என்ன, சாக்கு கொள்கிற அளவுதானே கொள்ளும்! நான் வைத்திருந்த தரத்தில் நொடிக்கு ஏறக்குறைய 2 எம்.பி. ஓடுகிறது. 52 நிமிடத்துக்கு 6.3 ஜி.பி. வரும். முப்பத்தைந்தரை நிமிடத்தில் சாக்கு நிறைந்துவிடுகிறது. 52இல் 35.5 என்றால் 68 சதவீதம். ஆறு நிமிடம் வெட்டினால் 46இல் அதே 35.5, அதாவது 77. மகுடத்தின் மேலும் சுடலையின் மேலும் ஒரு குற்றமும் இல்லை. பென் டிரைவில் இருந்ததை வேறிடத்தில் நகல் எடுத்துவைத்துவிட்டு, பெரிய கோப்பும் ஏறுகிற எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தோம். 1080லேயே எக்ஸ்போர்ட் போட்டேன். மகுடம், சாமக்கொடை எல்லாம் முழுதாக வந்துவிட்டன. செலவு எதுவும் இல்லை. அந்தப் பையனுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் 480க்கு இறக்கியிருக்கிறான். 6,350 ரூபாய் வாங்கிக்கொண்டு.

எக்ஸ்போர்ட் நின்றால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் மும்பை போகிற மச்சான் ஜங்ஷனில் ரயில் ஏறுவதற்குள் பென் டிரைவைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதனால் சுருக்கமாக: நிற்கிற இடத்துக் காட்சியை வெட்டிப் பாருங்கள். சதவீதம் இடம் மாறி, நிமிடம் மாறாமல் நின்றால் காட்சியில் கோளாறு இல்லை, சேமிக்கிற இடத்தைச் சந்தேகப்படுங்கள். வெட்டியதும் முழுதாக முடிந்துவிட்டால் அந்தக் காட்சி கெட்டிருக்க வாய்ப்பு உண்டு. சி டிரைவில் இடம் இருக்கட்டும். பல மென்பொருள்கள் தற்காலிகக் கோப்புகளை அங்கேதான் எழுதுகின்றன. எக்ஸ்போர்ட் ஆனதைப் பெரிய திரையில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். செயலிக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஒன்பது இலக்க எண்ணை யாருக்கும் வாசிக்காதீர்கள், உங்களை அண்ணாச்சி என்று கூப்பிட்டாலும் சரி.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கும் சொல்லியாயிற்று, வங்கியிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மச்சான் அதற்குள் இரண்டு தடவை அழைத்துவிட்டார். 6,849 ரூபாய் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. 499 என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.