மழைக்கால பால்கனிக்கு நித்தியகல்யாணியா, காசித்தும்பையா?

கோடையில் தொட்டிச்செடி வாடினால் காரணம் தேட வேண்டியதில்லை, தண்ணீர் போதவில்லை. அடைமழையில் அதே செடி அதே மாதிரி தலையைத் தொங்கப்போடும்போதுதான் ஏமாந்துபோகிறோம். மண்ணுக்குள் காற்று இருக்கவேண்டிய இடுக்கெல்லாம் நீர் நிறைந்து, வேர் மூச்சுமுட்டி அழுகியிருக்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, இலை துவளும். அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இன்னொரு குவளை ஊற்றுவோம். அப்படி ஊற்றியே ஒரே பருவத்தில் ஆறு நித்தியகல்யாணிகளை அனுப்பி வைத்தவன் நான்.

நித்தியகல்யாணிமேல் எல்லோருக்கும் ஒரு குருட்டு நம்பிக்கை. சுவர் விரிசலில்கூட முளைக்கிற செடி, எதற்கும் சாகாது என்று. வறட்சியைப் பொறுத்தவரை அது சரிதான். மடகாஸ்கரிலிருந்து வந்த இந்தச் செடிக்கு நல்ல வெயிலும், ஊற்றிய நீர் உடனே வடிகிற மண்ணும் வேண்டும். இலை நாள்கணக்கில் காயாமல் இருந்தால் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரி தொற்றும். முதலில் ஒரு கிளையின் நுனி கறுத்துச் சுருளும், பிறகு செடியே சாயும். மருந்தடித்துக் காப்பாற்றியதாக நான் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. கறுத்த கிளையை நல்ல பாகம்வரை வெட்டி எறிந்து, சாரல் படாத உள்பக்கத்துக்குத் தொட்டியை நகர்த்தியபோது சில பிழைத்தன.

காசித்தும்பை இதற்கு நேர்மாறு. கோடையில் முதலில் வாடுவதும் அதுதான், மழைக்காலத்தில் முதலில் செழிப்பதும் அதுதான். மேகமூட்டமான பாதி வெளிச்சம் அதற்குப் போதும். விதை போட்டு இரண்டு மாதத்துக்குள் பூத்துவிடும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது பூ உட்காரும் இடம். உச்சியில் பூக்காமல், இலைக்காம்பும் தண்டும் சேரும் கணுவில் பூப்பதால் மேலிருக்கும் இலைகளே குடை பிடிக்கின்றன. பெருமழை அடித்த மறுநாளும் இதழ்கள் கிழியாமல் இருக்கும். குறையும் உண்டு. தண்டு முழுக்க நீர்ச்சத்து, பலத்த காற்றில் மளுக்கென்று ஒடியும். ஒரு குச்சி நட்டுக் கட்டியாக வேண்டும். நெருக்கி நட்டால் காற்றோட்டமின்றி இலையில் சாம்பல் நோய் படியும். ஒரே பருவத்தில் ஆயுளும் முடியும். ஆனால் முற்றிய காயைத் தொட்டாலே வெடித்து விதை தெறிப்பதால், அடுத்த ஆண்டு நாற்றுக்குக் கவலையில்லை. பக்கத்துத் தொட்டிகளில் முளைப்பதைப் பிடுங்குவதுதான் வேலை.

பால்கனி விளிம்பில், மழை நேராக அடிக்கிற இடத்துக்கு என் ஓட்டு காசித்தும்பைக்கே. நித்தியகல்யாணியை விட மனமில்லை என்றால் உள்சுவர் ஓரம், அதுவும் வெயில் எட்டுகிற ஓரம்.

டேபிள் ரோஸ் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. வெயில் அடித்தால்தான் அதன் மொட்டு விரியும். வானம் மூடியிருக்கும் வாரம் முழுக்க இலைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், சதைப்பற்றுள்ள தண்டு நடுவே அழுகவும் தொடங்கும். அதற்குப் பதில் மழை லில்லி வையுங்கள். ஒரு நல்ல மழை பெய்த சில நாளில் புல் போன்ற இலைகளுக்கு நடுவே மொட்டுகள் நிமிர்ந்து நிற்கும். ஒரு பூ ஓரிரு நாள்தான் நிற்கும் என்றாலும், அகலத் தொட்டியில் பத்துப் பதினைந்து கிழங்கை நெருக்கி வைத்தால் ஒரே நேரத்தில் மொத்தமாகப் பூக்கும். கிழங்கு நச்சுத்தன்மை உள்ளது. குழந்தையோ நாயோ மண்ணைக் கிளறும் வீட்டில் உயரத்தில் வைக்கவும்.

ரோஜாவா செம்பருத்தியா என்பது கொஞ்சம் சங்கடமான கேள்வி. ரோஜாப் பிரியர்களிடம் வாதாடி ஜெயித்தவர் கிடையாது. ஆனாலும் சொல்கிறேன்: ரோஜா இலையில் வரும் கரும்புள்ளிப் பூஞ்சைக்கு இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தால் போதும், தொற்றிக்கொள்ளும். அடைமழையில் ஏழு மணி நேரம் என்ன, ஏழு நாள்கூட இலை காயாது. செம்பருத்திக்கு அந்தத் தொல்லை குறைவு. அதன் பூ எப்படியும் பெரும்பாலும் ஒரு நாள்தான், அதனால் மழையில் நைந்தாலும் பெரிய இழப்பாகத் தெரியாது. புதுத்துளிரில் பூப்பதால் மழைக்குச் சற்று முன் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிடுங்கள். ஒன்றே ஒன்று: பன்னிரண்டு அங்குலத் தொட்டியாவது அதற்கு வேண்டும். இடமில்லாதவர்கள் கம்பியில் சங்குப்பூவை ஏற்றிவிடலாம். அவரைக் குடும்பக் கொடி, வேர் முடிச்சில் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, தானே தேடிக்கொள்ளும். மழைநீர் உரத்தைக் கரைத்துக்கொண்டு போகும் மாதங்களில் இது சின்ன விஷயமில்லை.

செடியைத் தேர்ந்தெடுத்த பிறகு தொட்டி. மண்தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும், பிளாஸ்டிக்கில் அது நடக்காது. ஆகவே நித்தியகல்யாணிக்கு மண்தொட்டி, காசித்தும்பைக்கு எது இருந்தாலும் சரி. அடியில் கூழாங்கல் பரப்பினால் நன்றாக வடியும் என்று நானும் நம்பி வருடக்கணக்கில் பொறுக்கிப் போட்டிருக்கிறேன். உண்மையில் கல்லடுக்கின் மேலேயே மண் நீரைப் பிடித்து நிறுத்துகிறது, வேருக்கு இன்னும் நெருக்கமாக. கல்லை எடுத்துவிட்டு, மண்கலவையிலேயே பருமணலோ, பெர்லைட் என்ற எடையற்ற வெள்ளைத் துகளோ தாராளமாகக் கலந்து, துளைகள் அடையாமல் தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். கீழே வைக்கிற தட்டை மழை ஓயும்வரை எடுத்துவிடுவதே நல்லது. தேங்கிய நீரில் கொசு முட்டையிட்டுப் பறந்து போக ஒரு வாரம் பத்து நாள் போதும்.