கட்டடம் பிரமாதம், கவுன்ட்டரில் ஆள் இல்லை

கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்ட்டுக்குள் இருக்கும் 'அன்சென்சர்ட் லைப்ரரி'யை (தணிக்கையற்ற நூலகம்) ஒரு விளையாட்டாக மதிப்பிடும் தகுதி எனக்கில்லை. நடக்க வேண்டிய இடத்தில் சுவரில் முட்டிக்கொள்கிற ஆள் நான். ஆனால் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவள் என்பதால், நூலகமாக இது எப்படி என்று சொல்ல முடியும்.

2020 மார்ச்சில், பத்திரிகைச் சுதந்திரத்துக்காகக் குரல்கொடுக்கும் எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு இதைத் திறந்தது. எகிப்து, மெக்சிகோ, ரஷ்யா, சவூதி அரேபியா, வியட்நாம் ஆகிய நாடுகளில் தடைக்கோ மிரட்டலுக்கோ ஆளான எழுத்துகளை விளையாட்டுக்குள் புத்தகங்களாக வைத்திருக்கிறார்கள். செய்தித் தளங்களை முடக்குகிற அரசுகள் மைன்கிராஃப்ட்டைப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று விட்டுவைக்க, அந்தச் சந்தில் புகுந்த யோசனை. கெட்டிக்காரத்தனம்தான்!

கட்டியவர்கள் மைன்கிராஃப்ட்டில் கட்டடம் எழுப்பும் பிளாக்வொர்க்ஸ் குழுவினர். குவிமாடமும் தூண்களுமாக, 1.25 கோடிக் கட்டைகள். மெக்சிகோ பகுதியில் கொல்லப்பட்ட பத்திரிகையாளர்களுக்கு நினைவிடங்கள் எழுப்பியிருக்கிறார்கள். அங்கே அண்ணாந்து பார்க்கத் தோன்றாது, வேகமாகக் கடக்கவும் மனம் வராது. சவூதி பகுதியில், கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ஜமால் கஷோகியின் கட்டுரைகள். ஆங்கிலத்திலும் மூலமொழியிலும் படிக்கலாம். திருத்தவோ அழிக்கவோ முடியாது. நாடுவாரியாகப் பத்திரிகைச் சுதந்திர நிலவரமும் உண்டு. இந்தியாவைத் தேடிப் பார்க்காமல் யாரும் வெளியே வர மாட்டார்கள். அந்த அமைப்பின் 2020 பத்திரிகைச் சுதந்திரத் தரவரிசையில் நமக்கு 142ஆம் இடம்.

சரி, உட்கார்ந்து படிக்க முடிகிறதா? அங்கேதான் இடிக்கிறது. மைன்கிராஃப்ட் புத்தகத்தில் பக்கத்துக்கு 14 வரிதான், அதுவும் கட்டம்கட்டமான எழுத்தில். கொஞ்சம் நீளமான கட்டுரை என்றால் பக்கம் புரட்டியே கை வலிக்கும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்றார் நம் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன்; இங்கே வாசகர் அறை அறையாக நடக்க வேண்டியிருக்கிறது. சந்தேகம் கேட்கவும் ஆளில்லை. 2006இல் அமெரிக்காவின் இல்லினாய் நூலகர்கள் செகண்ட் லைஃப் மெய்நிகர் உலகில் 'இன்ஃபோ ஐலண்ட்' தொடங்கியபோது, நிஜ நூலகர்களே அவதார் உருவில் மேசையில் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். அங்கே கட்டடம் சுமார்தான், சேவை இருந்தது. எனக்கு அதுதான் நூலகம்.

ஆனாலும் இதில் ஒரு விஷயத்துக்கு முழு மதிப்பெண் போடுவேன். மொத்த நூலகத்தையும் மேப்பாக, அதாவது விளையாட்டு உலகத்தின் கோப்பாக, இறக்கி நம் கணினியில் வைத்துக்கொள்ளலாம். சர்வரை முடக்கினாலும் பிரதிகள் ஊரெல்லாம் இருக்கும். நுழைவு இலவசம், விளையாட்டைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும். கணினிக்கான பதிப்புகளில் ஒன்றான ஜாவா எடிஷனாகப் பார்த்து வாங்குங்கள். இதழியல் மாணவர்கள் மெக்சிகோ பகுதியிலிருந்து தொடங்கலாம்.