நிறமா, இறக்கையா, கூடா: தேனீயை எதை வைத்து அடையாளம் காண்பது?

வெளியில் ஒரு தேனீயைப் பார்த்ததும் கண்ணில் படுவது நிறம்தான். அதிகம் ஏமாற்றுவதும் அதுவேதான். என்னைக் கேட்டால் கூட்டுக்கு முதலிடம், இறக்கைக்கும் காலுக்கும் அடுத்த இடம், நிறத்துக்குக் கடைசி இடம்.

நிறம் மாறுவதற்குக் காரணங்கள் நிறைய. கூட்டுப்புழுவாக இருக்கும்போது குளிர் கூடினால், வெளிவரும் தேனீ கருத்திருக்கும். ராணி பல ஆண் தேனீக்களோடு இணைவதால், ஒரே கூட்டிலேயே மஞ்சள் வயிறும் கருத்த வயிறும் கலந்திருக்கும். அப்புறம் வயது. புதிதாக வெளிவந்த தேனீ சாம்பல் பூத்து, மயிர் அடர்ந்து இருக்கும். வயதானதும் மயிர் உதிர்ந்து, கருத்துப் பளபளக்கும். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் தச்சுத் தேனீக்களில் இன்னும் மோசம்: சில இனங்களில் பெண் கன்னங்கரேல், ஆண் பொன்மஞ்சள். இரண்டையும் வேறு இனம் என்று நினைப்பவர்களைக் குறை சொல்லவே முடியாது.

இறக்கை இப்படி ஏமாற்றாது. செத்து விழுந்த தேனீ ஒன்று கிடைத்தால் வெள்ளைத் தாளில் வைத்து, பின்னிறக்கையை ஊசிமுனையால் விரித்து லென்ஸில் பாருங்கள். நம் நாட்டு அடுக்குத் தேனீயில் நடு நரம்பு, குறுக்கே வரும் நரம்பைத் தாண்டியும் ஒரு சிறு துண்டாக நீளும். வெளிநாட்டிலிருந்து வந்த இத்தாலியத் தேனீயில் அந்தத் துண்டு இருக்காது. வயிற்றுப் பட்டைகளை எண்ணிக் குழம்புவதைவிட இந்தக் கடுகளவு நரம்பு எவ்வளவோ மேல். காலும் உதவும். அடுக்குத் தேனீ, இத்தாலியத் தேனீ போன்றவை மகரந்தத்தைப் பின்னங்காலில் உருண்டையாகக் கொண்டுபோகும். இலைவெட்டித் தேனீ வயிற்றின் அடியில் அப்பிக்கொண்டு போகும். இரண்டே இறக்கை இருந்தால் அது தேனீயே இல்லை, தேனீ வேடமிட்ட ஈ. ஒரே சிக்கல், பறந்துகொண்டிருப்பதில் நரம்பெல்லாம் தெரியாது.

தூரத்தில் இருந்தே முடிவு சொல்வது கூடுதான். உயரமான கிளையிலோ பாறையிலோ ஒரே பெரிய அடை திறந்தவெளியில் தொங்கினால் மலைத்தேனீ. மெல்லிய குச்சியைச் சுற்றி உள்ளங்கை அளவு ஒற்றை அடை என்றால் கொம்புத்தேனீ. பொந்துக்குள் பல அடைகள் அடுக்காக இருந்தால் மலைத்தேனீயும் இல்லை, கொம்புத்தேனீயும் இல்லை. அடுக்குத் தேனீயோ இத்தாலியத் தேனீயோதான், அங்கே மறுபடி இறக்கைதான் கைகொடுக்கும். ஆனால் உலகில் 20,000க்கும் மேல் தேனீ இனங்கள். பெரும்பாலானவை தனியாக மண்ணிலோ தண்டிலோ துளையிட்டு வாழ்பவை. பூவில் பார்க்கும்போது அவற்றின் கூடு எங்கே என்று யார் கண்டது?

சரி, நிறத்தை அடியோடு தள்ளிவிடலாமா? வேண்டாம். எந்த இடத்து நிறம் என்பதுதான் கேள்வி. கொம்புத்தேனீக்கும் தென்கிழக்காசியாவில் வாழும் அதன் கருத்த உறவுக்கும் வயிற்று நிறம் ஒன்றையொன்று ஒத்துப்போவதுண்டு. வேலைக்காரத் தேனீயின் பின்னங்கால் மயிரைப் பாருங்கள்: கொம்புத்தேனீக்கு வெள்ளை, மற்றதற்குக் கருப்பு. மாறாக, தச்சுத் தேனீயின் இறக்கையில் தெரியும் நீலப்பச்சை மினுக்கத்தை நம்பக்கூடாது. அது ஒளி தரும் நிறம். கோணம் மாறினால் அதுவும் மாறும்.

ஐரோப்பாவின் வெண்வால் பம்பிள் தேனீக்களில் மூன்று இனங்கள் ஒன்றோடொன்று அச்சாக ஒத்திருக்கின்றன. அவற்றை உறுதியாகப் பிரிக்க டிஎன்ஏ சோதனை வேண்டும். வெளியில் நின்று பார்ப்பவர் குழுவின் பெயரைக் குறித்துக்கொண்டு அதோடு நிறுத்த வேண்டியதுதான்.